ரோஸ்காருக்குக் கெடு ஜனவரி பதினான்கு

ஆஸ்திரிய மலையூரான ஃபெர்னாக்கில் பார்சல் வண்டி ஓட்டும் வால்புர்கா ஷ்பிஸிடம் ஒரு மரியாதைக் குறைச்சலான பழக்கம் உண்டு. கதவைத் திறந்தவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வாள். புதிதாகக் குடிவந்தவர்கள் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். பழையவர்களுக்கு விஷயம் தெரியும். புர்கி, ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ரோஸ்காரைப் பார்க்கிறாள்.

ரோஸ்கார் ஊருக்கு எதிரே கிண்ணத்தைச் சாய்த்து வைத்தது போல இருக்கும் மலைச்சரிவு. நாளைக்கு நாற்பது பார்சல் என்றால் நாற்பது தடவை பார்க்கலாம். பார்ப்பதோடு சரி. பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு அதில் சறுக்கி இறங்கி நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. முதல் வருடம் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அதுவும் மலையில் இல்லை. முப்பத்தைந்து வருடம் மலையில் ஒன்றும் ஆகாத கால், காபி இயந்திரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டர் வீட்டு நடைபாதையில் வழுக்கியது. இரண்டாம் வருடம் ஆபரேஷன். மூன்றாம் வருடம், ஆபரேஷன் செய்தவர் “இன்னும் ஒரு வருஷம் பொறுங்க” என்றார். நாலாம் வருடம் கால் சரியாகிவிட்டது, பனி சரியில்லை. இப்போது ஐந்தாவது. வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் எத்தனை குளிர்காலத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

பார்சல் தவிர அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மலையிலிருந்து பனி பெயர்ந்து சரியும் ஆபத்தைக் கணிக்கும் ஊர்ப் பனிச்சரிவுக் குழுவில் அவள் ஓர் ஆள். தினமும் விடியலில் தீயணைப்பு நிலையத்தின் பின்னால் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, எவ்வளவு விழுந்தது, காற்று எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை மேலே போய்ப் பனியில் குழி வெட்டி அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. சாலையை மூடச் சொன்னால் ஓட்டல்காரர் திட்டுவார். மூடச் சொல்லாவிட்டால் ஓட்டல்காரரின் மனைவி திட்டுவாள்.

இந்த நிலையில்தான் ஊரில் கூட்டணி உருவானது.

அதுவரை ரோஸ்காரின் அடியில் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு பலகைகள் நின்றன. சுற்றுலா அலுவலகத்தின் பலகை “வருக வருக” என்றது. வேட்டைச் சங்கத்தின் பலகை “போகாதே” என்றது. மலையேறுவோர் சங்கம் “யோசித்துப் போ” என்றது. வனத்துறை மரக்கன்றுகளை மிதிக்காதே என்றது. கேபிள்கார் கம்பெனி எதற்கும் தான் பொறுப்பில்லை என்றது. மலை மீட்புக் குழு ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் போட்டிருந்தது. ஆறையும் நின்று படித்தவன் குழம்பி ஏழாவது வழியாகப் போனான். ஆகவே ஆறு அமைப்பும் பனிச்சரிவுக் குழுவும் சேர்ந்து, “பனிக்கு மரியாதை” என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரே பலகை, ஒரே வரைபடம் என்று முடிவு செய்தன. யாருடைய சின்னம் மேல் வரிசை, யாருடையது கீழ் வரிசை என்ற தொகுதிப் பங்கீட்டுக்கு மூன்று கூட்டம் ஆனது. பங்கீடு முடிந்தபோது எச்சரிக்கை வாசகத்துக்கு மிஞ்சிய இடம் ஒரு தீப்பெட்டி அளவு.

அந்தப் பக்கத்து மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்பார்கள், மந்திரியே வந்தாலும். ஃபெர்னாக் தொள்ளாயிரத்து அறுபதில் இருக்கிறது. ஆகவே கூட்டங்கள் முழுக்க நீங்க, வாங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தன.

நாலாவது கூட்டத்தில் வரைபடம் வந்தது. பச்சைக் கோடு என்றால் போகலாம். சிவப்பு என்றால் ஜனவரி பதினைந்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை போகக் கூடாது. ரோஸ்கார் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

“இதை யார் சிவப்பாக்கினது?” என்றான் கசியன் ஃபால்கைஸ். மீட்புக் குழுத் தலைவன், புர்கியோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

சுற்றுலா அலுவலகத்தின் முனைவர் ஹெர்மீனா லோய்ட்னர் வியன்னாவிலிருந்து வந்தவர். எல்லாவற்றுக்கும் கோப்பு வைத்திருப்பார். “இணைப்பு மூணு பாருங்க. ‘கரும் காட்டுக்கோழிகள் பகலில் பனிக்குள் குழி பறித்துப் படுத்திருக்கின்றன. சறுக்கு வீரர் ஒருவர் அருகில் வந்தால் அலறி எழுந்து பறக்கின்றன. ஒரு நாளைக்கு நாலு தடவை அப்படிப் பறந்தால் அவை குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. மேல் விளிம்பில் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கிறது. சரிவை ஓய்வில் விடுவது கோழிக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.’ அருமையான அறிக்கை. கீழ கையெழுத்து, வால்புர்கா ஷ்பிஸ்.”

மூன்று வருடம் முன்பு, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கையில் தொலைநோக்கியோடு எழுதியது. நடக்க முடியாதவள் எவ்வளவு நியாயமாக எழுதிவிடுகிறாள்!

“அடிப்பாவி” என்றான் கசியன், காதோடு.

வேட்டைச் சங்கத்தின் ஆல்பின் எழுந்து நின்றார். “நாப்பது வருஷமா நாங்க கத்துனோம், ஒருத்தரும் கேக்கல. பார்சல்காரம்மா ஒரே பக்கத்துல எழுதிட்டாங்க. உங்களுக்கு ஒரு மான் தொடை அனுப்பறேன்.”

“பார்சல்ல அனுப்பாதீங்க. நான்தான் சுமக்கணும்” என்றாள் புர்கி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் ஏழு கையும் உயர வேண்டும். ஒரு கை கீழே இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். ஒரு வருடம். ஒரே ஒரு வருடம். மேஜைக்கு அடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் கையையே எடுத்து உயர்த்தினாள். கசியன் அவள் கையைப் பார்த்துவிட்டு, பல் பிடுங்கக் கொடுப்பவன் மாதிரி தன் கையையும் உயர்த்தினான்.

அது டிசம்பர் இரண்டு. கெடு ஜனவரி பதினான்கு. நாற்பத்து மூன்று நாள்.

டிசம்பர் முழுக்கப் பனி அவளோடு விளையாடியது. முதலில் விழுந்த மெல்லிய பனி வெயிலில்லாத குளிரில் சர்க்கரை போல உதிரியாகிவிட்டது. அதன்மேல் கனமாக ஓர் அடுக்கு. குழி வெட்டி, தலையணை அகலத்துக்கு ஒரு பனித் தூணை விட்டு, அதன் தலையில் பனி அள்ளும் ஷவலை வைத்துத் தட்டிப் பார்ப்பது முறை. மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனை தட்டுத் தாங்குகிறதோ சரிவு அவ்வளவு உறுதி. கிறிஸ்துமஸுக்கு முன் மூன்றாவது தட்டிலேயே தூணின் மேல்பாதி இழுப்பறை போல வழுக்கி வந்தது. புத்தாண்டில் ஒன்பதாவது. ஜனவரி ஆறில் பதினேழாவது. அவள் அந்த எண்களை மற்றவர்கள் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தாள். தட்டும்போது கை தானாகவே மெதுவாகத் தட்டுகிறதோ என்று சந்தேகம் வந்து, ஒருமுறை வேண்டுமென்றே ஓங்கித் தட்டினாள்.

ஜனவரி பதின்மூன்று. முப்பது தட்டுக்கும் தூண் அசையவில்லை. இன்னொரு இடத்தில் வெட்டினாள். அங்கேயும் அசையவில்லை. குழிக்குள் உட்கார்ந்தபடியே கசியனைப் போனில் கூப்பிட்டாள்.

“நாளைக்கு” என்றாள்.

“எனக்கும் ஜன்னல் இருக்கு, பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஆனா புர்கி, அஞ்சு நாளைக்குப் புதுப் பனி இல்லையாம். பதினாறாம் தேதியிலேருந்து தெற்குக் காத்து, விளிம்புல பனி குவியும். காத்து பெருசா அடிச்சு அழிக்கற வரைக்கும் நம்ம தடம் அப்படியே கெடக்கும். தெரியும்ல?”

தெரியும். பதினொரு வருடம் முன்பு, இதே போல ஒரு நல்ல நாளில், இருவரும் ரோஸ்காரில் இறங்கினார்கள். இரண்டு நாள் காற்றடித்தது. மூன்றாம் நாள் நாலு சுற்றுலாக்காரர்கள் அந்தத் தடத்தையொட்டி ஏறி, மேல் விளிம்பில் காற்று குவித்திருந்த பனியை உடைத்துக்கொண்டு சரிந்து வந்தார்கள். ஒருவன் பனிக்கு அடியில் போனான். கசியனின் ஆட்கள் அவனை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்னது, “உள்ளூர்க்காரங்க தடம் இருந்துச்சே.” ஊர்க்காரர்களின் பிழையே இதுதான். சறுக்கி முடித்ததும் சங்கதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சூப் குடிப்பார்கள். தடம் அங்கேயே நின்று, வருகிறவனையெல்லாம் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

“அப்ப வேண்டாம்ங்கறியா?” என்றாள்.

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? கெழவனாகறதுக்குள்ள எனக்கும் ஒருதடவை வேணும்டி.”

அவள் ஷவலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். பிறகு, “எனக்கு ஒரு வாரம் லீவு பாக்கி இருக்கு” என்றாள்.

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“வெச்சிடு. ஆறு மணிக்கு வந்து சேரு.”

பதினான்காம் தேதி காலை. கோழிகள் படுக்கும் காட்டோரத்தைத் தொடாமல், முதுகெலும்பு போன்ற மேட்டின் வழியாக ஏறினார்கள். முழங்கால் ஒவ்வோர் அடியிலும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. அவள் கேட்டுக்கொள்ளவில்லை. உச்சியில் இருவரும், பனியில் புதைந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒருவருடையது மற்றவருக்குச் சிக்னல் தருகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

“முதல்ல நீ போ” என்றான் கசியன். “நாலு வருஷமா எனக்கு முதுகைக் காட்டிப் பார்சல் குடுத்திருக்க. இன்னிக்காவது ஒரு காரணத்தோட காட்டு.”

விளிம்பில் நின்றாள். கீழே ஊர் ஒரு கைக்குட்டை அளவு. நாலு வருடம் நாற்பது வாசலிலிருந்து மேலே பார்த்தவள், இப்போது மேலேயிருந்து நாற்பது வாசலையும் பார்த்தாள். எதுவும் தோன்றவில்லை. பயம்கூட இல்லை. இவ்வளவு நாள் ஏங்கியது வந்து நின்றவுடன் மனசு வெறுமையாகிவிட்டதே என்று ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு கட்டைகளின் முனை கீழே சாய்ந்தது.

மொத்தம் நாலு நிமிடம். அதற்குமேல் இல்லை.

கீழே கசியன் வந்து சேர்ந்ததும் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபெர்னாக்கில் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கசியனுடையது நீட்டி நீட்டி, மார்ஜின் விடாமல் எழுதும் அவசரக்காரனுடையது. அவளுடையது சின்னச் சின்ன வளைவு, எல்லாம் ஒரே அளவு, இடது பக்கம் கொஞ்சம் அழுத்தம். ஊர் முழுக்கப் படிக்கும்படி, வெள்ளைப் பலகையில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் புதுப் பலகை நட வந்த ஹெர்மீனா, வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புர்கியைப் பார்த்தார்.

“நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“காவல்.”

“எதுக்கு?”

புர்கி மலைப் பக்கம் கையை மட்டும் காட்டினாள். ஹெர்மீனா தடங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். வியன்னாக்காரர்களும் மெல்ல மெல்லப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

“நேத்து அனுமதி இருந்துச்சுதானே?” என்று கேட்டார்.

“நேத்து இருந்துச்சு.”

மதியத்துக்குள் ஏழு சின்னமும் அச்சிட்ட ஆரஞ்சு நிற மேலாடை ஒன்று வந்துவிட்டது. கூட்டணியின் முதல் தன்னார்வக் காவலர் என்று புகைப்படமும் எடுத்தார்கள். தடம் படத்தில் விழாதபடி ஹெர்மீனாவே அவளைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார். நல்லவளாவதற்கு இவ்வளவு குறைந்த வேலையா என்று புர்கிக்கே வெட்கமாக இருந்தது.

வேலை குறைவில்லை. முதல் நாள் பதினெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினாள். “ஏன் போகக் கூடாது?” “நீங்க யாரு சொல்றதுக்கு?” “அதோ ரெண்டு பேரு போயிருக்காங்களே, அவங்க மட்டும் வானத்துலேருந்து குதிச்சாங்களா?” கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: “அதுல ஒண்ணு என்னோடது. அது நேத்தைய பனி. இன்னிக்குப் பனி வேற. அந்தா, அந்தக் காட்டுல கோழி தூங்குது.” பொய் சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். உண்மை சொன்னதால் நின்று சண்டை போட்டார்கள். போலந்துக்காரன் ஒருவன் கைகொட்டிச் சிரித்தான். “நீ தின்னு முடிச்சுட்டு அடுப்பை அணைக்கிறியா?” என்றான். ஆமாம் என்றாள். அவன் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மாலையில் கசியன் வந்து முறை மாற்றுவான். “எத்தனை பேரு?” என்பான். எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்திருப்பாள்.

நாள் முழுக்க எதிரே அந்தத் தடம். எப்போது அழியும் என்று காற்றைப் பார்ப்பாள். கொஞ்சம் காற்று வந்தால், ஐயோ அதற்குள்ளா என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள்.

நாலாம் நாள், பதினெட்டாம் தேதி, டென்மார்க்கிலிருந்து ஓர் அம்மாள் தனியாக வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பலகையைப் படித்தார், புர்கி சொன்னதைக் கேட்டார். சண்டை போடவில்லை. கட்டைகளைப் பனியில் நட்டுவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு மூடியில் தேநீர் ஊற்றி, ஒன்றைப் புர்கியிடம் நீட்டினார்.

“நான் அங்க ஒருதடவை போகணும்னு எட்டு வருஷமா நெனச்சிட்டிருக்கேன்” என்றார், அரைகுறை ஜெர்மனில். “சரி, இல்லைன்னா இல்லை. எப்படி இருந்துச்சு மேல?”

நாலு நாளில் ஐம்பது பேர் என்னென்னவோ கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. கசியன்கூடக் கேட்கவில்லை, அவன்தான் கூடவே வந்தானே. புர்கி மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல ஒண்ணுமே தோணல” என்று ஆரம்பித்தாள். “விளிம்புல நின்னுட்டு, இதுக்கா இவ்ளோன்னு இருந்துச்சு. அப்புறம் மொத வளைவு. பனி மாவு மாதிரி இல்ல, கொஞ்சம் கனம், நம்மளைத் தாங்கிக்கிற கனம். ரெண்டாவது வளைவுல முழங்கால் பேச்சை நிறுத்திடுச்சு…”

தெற்குக் காற்று அன்றைக்குத்தான் நிஜமாக எழுந்தது. விளிம்பிலிருந்து பனித்தூள் புகை போல இறங்கிக்கொண்டிருந்தது. புர்கி மூன்றாவது வளைவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது முதல் வளைவு அங்கே இல்லை. டேனிஷ் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் மூடியைக் கீழே வைத்தார்.

“போயிட்டிருக்கே” என்றார்.

“ஆமா, போகணும்” என்றாள் புர்கி, மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க உக்காருங்க. நான் இன்னும் பாதிகூடச் சொல்லல.”