ஒற்றைச் சக்கரம் தனியே சுற்றாத கார்: மழையில் ஒரு சித்தேரிப் பயணம்

சித்தேரி மலைக்குக் காரில் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு இப்போது ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: தாராளமாகப் போகலாம். எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், நாங்கள் போனபோது கதையே வேறு. மழை பெய்தால் ஜீப் மட்டும்தான் ஏறும் என்பார்கள். காரும் ஏறும் என்று சொன்ன ஒரே ஆள் என் நண்பன் அன்வர்.

தருமபுரியில் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். பெங்களூரில் உடைத்துப் போட்ட வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்றிலிருந்து பின்சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துத் தரும் 'லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை' வாங்கிவந்து, லேத்தில் கொடுத்துக் கடைந்து, தன் பழைய காரில் பொருத்தியிருந்தான். சாதாரணக் காரில் ஒரு பின்சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வெறுமனே சுற்றும், மற்றது சும்மா நிற்கும். இதில் உள்ளே இருக்கும் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கி, நிற்கிற சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை அவன் சொல்லக் கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அடுத்த வாரம் அவன் துபாய்க்கு வேலைக்குப் புறப்படுகிறான். காரை விலைக்கு வாங்கிய சேலத்துக்காரர் ஒருவர் அதற்கு முன்பே எடுத்துப்போக வருகிறார். மலையில் ஏற்றிப் பார்க்க அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அவன் மனைவி மும்தாஜ். நல்லம்பள்ளி, தொப்பூர், பொம்மிடி என்று சுமார் ஐம்பது கிலோமீட்டர் சுற்றி பாப்பிரெட்டிப்பட்டி. வழியெல்லாம் டிஃபரன்ஷியல் புராணம்தான்.

"ஏங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ்ளோ பேசலீங்களே," என்றார் மும்தாஜ்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குள் திரும்பும்போது பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். பஞ்சர் கடை முருகேசன் ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினார். "பேரிங்காத்தான் இருக்குமுங்க. கியர்ல போட்டு ஓட்டுங்க, கேட்டுப் பாக்கறேன்."

அந்தக் காலத்தில் எல்லா மெக்கானிக்குகளும் அப்படித்தான் பார்ப்பார்கள். தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருப்பது அசையாது. அன்வரும் பதினைந்து வருடப் பழக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டான்.

கார் ஜாக்கியிலிருந்து துள்ளிக் குதித்து ஓடியது. முருகேசன் ஒரு பக்கம் பாய்ந்தார், நான் மறுபக்கம். எதிரே அடுக்கியிருந்த பழைய லாரி டயர்களில் முட்டி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்வர் பேயறைந்தவன் போல இறங்கினான். எல்லோருக்கும் முன்னால், கடையோரமாக இறங்கி நின்றிருந்த மும்தாஜுக்குத்தான் பேச்சு வந்தது.

"ஒத்தச் சக்கரம் தனியாச் சுத்தாதுன்னு காலையிலிருந்து சொன்னது நீங்கதானுங்களே?"

முருகேசன் மூச்சு வாங்கியபடி பம்பரைத் தடவிப் பார்த்தார். "அப்ப சாமான் நெசமாவே வேல செய்யுதுங்க." சத்தமும் பேரிங் இல்லை. திருப்பங்களில் அந்தத் தட்டுகள் உரசுவதுதான்.

அதன் பிறகு மலை. மண் சாலை, செம்மண் குழம்பு. ஓரிடத்தில் மழைநீர் பாதியை அரித்துக்கொண்டு போயிருந்தது. இடது பின்சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்க, கார் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. தேய்ந்த தட்டுகளால் அவ்வளவு பாரத்தை இழுக்க முடியவில்லை. அன்வர் இடது கையால் கைபிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்து ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினான். சுற்றிய சக்கரம் அடங்கியது, வலது சக்கரம் தரையைப் பிடித்தது. ஏறிவிட்டோம்! நான் கத்திய கத்தலில் பக்கத்து மரத்துக் குரங்குகள் ஓடின.

மேலே குளிர்காற்று. அன்வர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். மும்தாஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ரெண்டும் சேந்து ஓடுனாத்தான் மேடு ஏற முடியும்னீங்க. அடுத்த வாரம் நீங்க மட்டும் தனியாத்தானுங்களே போறீங்க?"

அவன் குனிந்து பின்சக்கரத்துச் சேற்றை வழிக்க ஆரம்பித்தான். இறங்கும்போது டிஃபரன்ஷியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் அதே வழியில் என் புதுக் காரில் போனேன். இதில் எல்லாம் மின்னணு. எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று கணினி பார்த்து, அதற்கு மட்டும் பிரேக் போடுகிறது. அன்வரின் இடது கை செய்ததைத்தான் செய்கிறது, கண் இமைப்பதற்குள். சத்தமில்லை, அசதியில்லை. பிரமாதம்தான். ஆனால் வழுக்கிய பிறகே விழித்துக்கொள்கிறது. நீண்ட சேற்று ஏற்றத்தில் பிரேக் சூடாகிக் கொஞ்சம் தளர்ந்தும் போகிறது. தட்டுகளோ முதல் நொடியிலிருந்தே இழுக்கும், ஆனால் தேயும், முனகும். வேகமாக ஓட்டி ரசிக்கிறவர் தட்டுகள் உள்ள இயந்திர வகையை எடுக்கலாம். குடும்பத்தோடு மலையேறுகிறவருக்கு மின்னணு போதும். எதுவானாலும் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு மறந்தும் கியர் போடாதீர்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலேயே பெட்ரோலும் சாப்பாடும் முடித்துக்கொள்வது நல்லது. மழை நாளென்றால் மாலைக்குள் இறங்கிவிடுங்கள்.

அன்வர் துபாய் போனான். மூன்று வருட ஒப்பந்தம். பதினோராவது மாதமே பெட்டியோடு தருமபுரி ரயில் நிலையத்தில் வந்து இறங்கினான். என்னடா ஆயிற்று என்று கேட்டேன்.

"மும்தாஜ் மலமேல ஒரு கேள்வி கேட்டுச்சே," என்றான், "பதில் சொல்ல வந்தேன்."