லைன் கிளியர்

என் கணவருக்கு மரம் ஏறத் தெரியும் என்பதே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் அவர் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். நானும் கம்பெனிக்காரிதான், ஆனால் வேறு கம்பெனி. லைனில் வருகிற ரப்பர் வாஷர்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழியோ இருந்தால் எடுத்துத் தனியாகப் போடுவது என் வேலை. இதைச் செய்து செய்து வீட்டிலும் எதையும் சும்மா பார்க்க முடியாமல் போய்விட்டது. பார்த்தால் கேட்பேன். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் திரும்பவும் கேட்பேன். "உன் வாய்ல ஏன், எதுக்கு, இந்த ரெண்டு வார்த்தைதான் கீதா?" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாதாங்கொட்டை மரம். யாரும் நட்டதில்லை. ஏதோ வௌவால் போட்ட கொட்டையாக இருக்கும். வீடு கட்டும்போது இடுப்பு உயரத்தில் நின்றது, நிழலுக்கு ஆகட்டும் என்று விட்டுவைத்தோம். அது வளர்ந்து, பின்சுவரைத் தாண்டி நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டின் மேல் சாய்ந்துகொண்டது. சிமென்ட் ஷீட் போட்டு வரிசையாக மூன்று அறைகள். தெற்கேயிருந்து வந்து இங்குள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் தங்கியிருக்கிறார்கள். போன மழைக்கு ஒரு கிளை முறிந்து விழுந்து ஒரு அறையின் ஷீட்டே உடைந்துபோனது. அங்கே படுப்பவர் அன்று நைட் ஷிஃப்டில் இருந்ததால் தப்பித்தார். அடுத்த மழைக்கும் அவர் நைட் ஷிஃப்டிலேயே இருப்பார் என்று யார் எழுதிக் கொடுப்பது?

மரம் வெட்டுகிற ஆட்களைக் கூப்பிட்டோம். வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அம்மாம் பெரிய பிரஸ் மெஷினையே பிரிச்சி மாட்டுறேன். மரம் இன்னா, பெரிய கொம்பா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேஃப்டி ஷூ, ஹெல்மெட், இடுப்பு பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். கம்பெனியில் வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திவைத்து ஒரு பேச்சுப் பேசுவார்கள் இல்லையா, அதையே எனக்கும் என் தம்பிக்கும் பேசினார். அடுத்த தெருவில் இருக்கும் என் தம்பியும் கார் கம்பெனியில் லைன் ஆள்தான். சூப்பர்வைசர் எதிரில் நிற்பதுபோல் கைகட்டிக் கேட்டான். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

தம்பிக்கு இரண்டு வேலை. லைன் வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்ப வேண்டும். மின்வாரிய லைன்மேன் போன் செய்தால் எடுத்து, மரத்தின் மேல் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது வேலைதான் உயிர்நாடி. வெட்ட வேண்டிய பெரிய கிளைக்கு நேர் கீழேதான் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வயர் போகிறது. பழைய வயர், அங்கங்கே தோல் வெடித்திருந்தது. விடியற்காலையில் மழை வேறு பெய்து மரமெல்லாம் ஈரம். கரண்ட் இருக்கும்போது ஈரக் கிளை அதன் மேல் விழுந்தால், அந்த மரத்தில் இருப்பவர் முழுசாக இறங்க முடியாது. டிரான்ஸ்ஃபார்மரில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று லைன்மேன் சொல்லியிருந்தார். கணவரின் போன் தம்பியின் சட்டைப்பையில் இருந்தது.

எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"தள்ளி நின்னு பாரு. அதான் உனக்கு நல்லா வருமே."

பார்த்தேன். அவர் ஏணியில் பாதி, மரத்தில் பாதி என்று ஏறி, கவையில் காலை ஊன்றி, பெல்ட்டை நடுமரத்தில் சுற்றி மாட்டினார். பெரிய கிளையில் நைலான் கயிற்றைக் கட்டி, கிளை பக்கத்துக் காலி இடத்தில் விழட்டும் என்று மறுமுனையை அந்தப் பக்கத்துக் கேட் தூணில் இழுத்துக் கட்டியிருந்தார். முதலில் சின்னக் கிளைகளைக் கழித்தார். விழுந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெட்டிய இடம் லேசான சிவப்பு. காயாத மரத்துக்கு உள்ளே இத்தனை சிவப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மோந்து பார்த்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், துவர்த்தது.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டார்.

"மச்சான், லைன் கிளியரா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கத்தினான். "கிளியர் மாமா!"

கை ரம்பம் ஓட ஆரம்பித்தது. தூள் மழைபோல் விழுந்தது. கிளையின் பாதிக்கு மேல் அறுத்திருப்பார், பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு யாரோ மசாலா அரைக்கும் சத்தம் கேட்டது. மிக்சி. நல்ல வாசனை வேறு. ஒரு நொடி அந்த வாசனையைத்தான் நினைத்தேன். அடுத்த நொடி, கரண்ட் இல்லாமல் மிக்சி எப்படி ஓடும் என்று தோன்றியது.

"கையை எடு! கரண்ட் கீது! எடு!"

நாலு பேர் எதிரில் அவரை நான் ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ, உடனே நிறுத்திவிட்டார்.

பிறகு யோசித்துப் பார்த்தால் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் கேட்டது கரண்ட் லைனை. தம்பி சொன்னது லைன் வீட்டை, ஆள் யாரும் இல்லை என்று. எங்கள் பக்கம் அந்த ஒரு வார்த்தை செய்யாத வேலை இல்லை. நான் பிழைப்பதும் ஒரு லைனில்தான். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால், எந்த லைன் என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

கிளை மெல்ல முனகிக்கொண்டு தாழ்ந்தது. இலை நுனிக்கும் வயருக்கும் நடுவில் என் ஒரு முழங்கை நுழையுமோ என்னவோ. இறங்கலாம் என்றால் அதே கிளையின் அடியை மிதித்துத்தான் ஏணிக்கு வர வேண்டும். மிதித்தால் முறியும். அசையாமல் நின்றார். தம்பி ஓடிவந்து, விஷயம் புரிந்து, வெளுத்துப்போய் லைன்மேனுக்கு போன் போட்டான்.

"வந்துகினே கீறாராம் மாமா! ஆடாம நில்லுங்க!"

அவர் முகம் தெரியவில்லை, ஷூவும் பெல்ட்டும்தான் தெரிந்தன. மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டார். சத்தமே போடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுவதுபோல் பேசினார்.

"இந்தா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். எனுக்கு எதுனா ஆயிட்ச்சின்னா..."

"வேணாம்."

"கேளேன்."

"வேணாங்க. எதுவும் சொல்லாதீங்க. எனுக்குத் தெரியவே வேணாம்."

சொல்லிவிட்டு சமையலறை வாசலுக்குப் போய் நின்று ஃபேனையே பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றியது. மிக்சி நின்றது, திரும்ப ஓடியது. வேண்டாத தெய்வம் இல்லை. ஒருவழியாக ஃபேன் தளர்ந்தது, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன, நின்றுவிட்டது. அப்புறம் போன் வந்தது. நானே வாங்கி, நிஜமாகவே நிறுத்தியாச்சா என்று லைன்மேன் கோபப்படும் வரைக்கும் கேட்டேன்.

மிச்சத்தை அறுத்தார். கயிறு இழுக்க, கிளை ஒருக்களித்து, வயரை உரசி ஆட்டிவிட்டு, காலி இடத்தில் விழுந்தது. வாதாங்கொட்டைகள் சிதறி ஓடின. இறங்கியவர் பெல்ட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்தார். நான்தான் கழற்றினேன். கழற்றிக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். அவர் ஹெல்மெட்டோடு அப்படியே தலையைக் குனிந்து நின்றார். மீதி மரத்தை ஆள் வைத்துத்தான் வெட்டினோம்.

மழைக்காலமும் வந்து போய்விட்டது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எல்லாத்தியும் நோண்டி நோண்டி கேப்ப. அன்னிக்கி மரத்து மேல நான் இன்னா சொல்ல வந்தேன்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டியா நீ?"

"நீங்கதான் எறங்கி வந்துட்டீங்களே," என்றேன்.