ஏழையைக் காட்டிக் கொடுத்தேன்

நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இன்றைக்கும் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கூட்டத்தில் தைரியமாக வாய் திறந்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம் அது. பெரியப்பா கிறிஸ்தவ சபையில் வேதம் சொல்லும் உபதேசியாராக இருந்தார். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில், மலைக்காரர் ஒருவர் சும்மா விட்டுக்கொடுத்த மேட்டில் மூன்று புல்கொட்டகைகள் போட்டிருந்தார். சித்திரை வெயிலில் சேந்தமங்கலம் பக்கத்துத் தறிக்காரர்களையும் கூலிக்காரர்களையும் பிள்ளைகுட்டிகளோடு மேலே கூட்டிவந்து பத்து நாள் வைத்திருப்பார். காலையில் ஜெபமும் பாட்டும். அதற்குப் பிறகு ஓடைக் குளியல், மூன்று வேளைச் சோறு, பகல் தூக்கம். யாரிடமும் ஒரு தம்பிடி வாங்கமாட்டார். அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம் மதராஸில் நல்ல மனசுக்காரர்கள் சேர்த்து அனுப்புவது. அடிவாரம் வரை வண்டியில் வந்து, பிறகு தலைச்சுமையாக மலையேறும்.

மலைக்காரர்கள் எங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. ஆனாலும் தினம் ஒரு பலாப்பழம் வந்துவிடும். "நம்ம மலைக்கு வந்தவங்க பசியோட எறங்குனா நமக்குத்தானுங்க கேவலம்" என்பார்கள்.

கூலி வேலை செய்யும் என் அம்மாவும் அப்பாவும் அந்தக் கூட்டத்தோடுதான் மலையேறுவார்கள். அந்தப் பத்து நாளும் அம்மா சமைப்பாள், அப்பா விறகு பிளப்பார். ஆகையால் கொட்டகையை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி என்பது என் எண்ணம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கோணாமல் நிற்கச் சொல்லி அதிகாரம் செய்வேன். குரல் எழும்பாது, கையால்தான்.

அந்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. அரிசி சேர்த்து அனுப்புகிற மதராஸ் அம்மா நேரில் பார்க்க வருகிறார். பெரியப்பா அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, "இந்தம்மா மனசு நெறஞ்சு போனாத்தான் அடுத்த வருசம் நம்ம அடுப்பு எரியும். நீங்க எப்பவும் போல இருந்தாப் போதும்" என்றார்.

எப்பவும் போல இருப்பதாவது! "ஒறம்பரன்னு விருந்தாளி வார அன்னிக்குக் கந்தலோட நிப்பாங்களா? உபதேசியாருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பெண்கள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். முதலாளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய புதுப் பட்டுச் சேலை ஒன்று ஒரு தறிக்காரர் மூட்டையில் இருந்தது. மடிப்புக் கலையாமல் கட்டுவதாகச் சத்தியம் செய்துவிட்டு அவர் பெண்சாதி அதை உடுத்திக்கொண்டாள். இன்னொருத்திக்கு மலைக்காரப் பெண்கள் வெள்ளி வளையல் இரவல் கொடுத்தார்கள். பிள்ளைகளின் தலையில் வழிய வழிய விளக்கெண்ணெய்.

மதராஸ் அம்மா ஆட்கள் சுமந்துவந்த டோலியிலிருந்து இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். பட்டும் வளையலும் சந்தனப் பொட்டு வைத்த மலைக்காரப் பெரியவர்களுமாக மேடே ஜொலித்தது. முன்வரிசையில் தறிக்காரர் கறுப்புக் கோட்டும் வெள்ளை வேட்டியுமாக, ஜில்லா கலெக்டர் மாதிரி நின்றார்.

"உபதேசியாரே, கல்யாண வீட்டுக்கு வந்துட்டேனா? ஏழைக் குடும்பங்கள்னு எழுதியிருந்தீங்களே, அவங்க எங்கே?"

பெரியப்பா பட்டுச் சேலையையும் வெள்ளி வளையலையும் ஒரு தடவை பார்த்தார். எல்லாம் இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வருஷத்து அரிசி வந்துவிடும். ஆனால் அவ்வளவு ஆசையாக உடுத்தி நிற்கிறவர்களை அவர்கள் எதிரிலேயே உரித்துக் காட்டியதாகும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு. இங்கே ஏழை யாரு?"

நான் பொறுப்பாக ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை. கடைசியில் கையை நீட்டினேன்.

"பெரியப்பாதானுங்க. அவருக்கு இருக்கறதே ஒரு வேட்டிங்க. அதத் தொவைச்சுப் போட்டா, காயுற வரைக்கும் போர்வையச் சுத்திக்கிட்டு வேதம் வாசிப்பாருங்க."

மலைக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். மதராஸ் அம்மா சிரிக்கவில்லை. பெரியப்பாவின் ஒட்டுப் போட்ட வேட்டியைப் பார்த்தார். பிறகு தறிக்காரரின் கோட்டைப் பார்த்தார்.

"அது எங்க வீட்டுக்காரர் கோட்டாச்சே! மலைக்குளிருக்குன்னு உங்களுக்கு அனுப்பினதில்லையா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

தறிக்காரர் அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே சட்டை இல்லை. "போன வருசம் எனக்குக் காச்சலுங்க. அவருதானுங்க போத்திவுட்டாரு. திருப்பிக் குடுத்தா வாங்கமாட்டேங்கறாருங்க."

உடனே அவர் பெண்சாதி முன்னால் வந்தாள். "இது மொதலாளி சேலைங்க. நாளன்னிக்கு அவரு கடையில போடோணும். பெரியவங்க வாரீங்களேன்னு கட்டுனனுங்க. உபதேசியார் மேல ஒரு தப்பும் இல்லீங்க." வளையல் இரவல் வாங்கியவள் கையை நீட்டி, "இதும் எங்குளுது இல்லீங்க" என்றாள். பெரியப்பா சொல்ல மறுத்ததை ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். கடைசியாக என் அம்மாவும், "நான் கட்டியிருக்கறதும் பக்கத்தூட்டுச் சேலைங்க" என்றாள். அதை இரவல் கொடுத்த மலைக்காரி பின்னாலிருந்து, "கறை மட்டும் பண்ணிராத, தாயி!" என்று கத்தினாள். இந்தத் தடவை மதராஸ் அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு இலை போடுங்க" என்று பாயில் உட்கார்ந்தார். பலாச்சுளை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

சாயங்காலம் டோலியில் ஏறுவதற்கு முன், அடுத்த வருஷமும் அரிசி வரும் என்று பெரியப்பாவிடம் சொன்னார். பிறகு என் கன்னத்தைத் தட்டிவிட்டு என் அம்மாவிடம் திரும்பினார். "கூட்டம் முழுக்க ஏழையைத் தேடினாளே உங்க பொண்ணு, உங்க பக்கமே கை நீட்டலை பார்த்தீங்களா? ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்க."

அம்மா கும்பிட்டு வழியனுப்பினாள். டோலி வளைவில் மறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அரிசி வரும் என்று சொன்னது அவள் காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அழுவாதம்மா. அடுத்த வருசமும் அரிசி வருமாம். எத்தன ஏழைங்க வந்தாலும் நாம சோறு போட்டுக்கலாம்."