சிகரெட் அட்டையில் கம்பளி யானை

இன்னைக்குக் காலையில நடந்ததை யார்கிட்டயாவது சொல்லாம இருக்க முடியல. அதான் வாசிப்பறைப் பலகையில ஒட்டிட்டேன், மக்களே.

லாபிஸிலிருந்து சிகாமட் போற ரயில். எதிர் சீட்டுல எங்க ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுற அங்கம்மாக்கா. நான் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். தலைவலியோ வயித்துவலியோ, யார் வந்தாலும் மலேரியா மருந்து கொயினாவையே கொடுக்கிறவன்.

சிகரெட் பெட்டியில கிடைச்ச ஆதிகால மிருக அட்டைகளை எடுத்து, பேரை விரலால மறைச்சேன்.

“ஒண்ணு சரியாச் சொன்னாலும் என் ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான், அக்கா.”

மூணு கொம்பு வச்சதைக் காட்டினேன்.
“காண்டாமிருகம்.”
“தப்பு.”

நீளக் கழுத்து.
“தின்னு கொழுத்த உடும்பு.”
“தப்பு.”

உடம்பெல்லாம் மயிரோட ஒண்ணு.
“யானைதான் ஐயா. குளிர்காய்ச்சல் போல, கம்பளி போத்தியிருக்கு.”

விரலை எடுத்தேன். கம்பளி யானைன்னே அதுல போட்டிருந்தது! ரயில் பெட்டியில இருந்தவங்க எல்லாரும் கைதட்ட, எழுந்து சீட்டைக் கொடுத்தேன்.

மானத்தைக் காப்பாத்திக்க, “இதெல்லாம் எப்பவோ செத்து அழிஞ்சிருச்சு. எதனாலன்னு வெள்ளைக்காரனுக்கே சரியாத் தெரியாது”ன்னேன்.

அக்கா ஜன்னல்ல நல்லா சாஞ்சுக்கிட்டுக் கேட்டாங்க:
“அப்பவும் நீங்கதான் டிரெஸ்ஸரா, ஐயா?”

அதுங்க அழிஞ்ச காரணம் தெரிஞ்சவங்க கீழே எழுதிட்டுப் போங்க. கொயினான்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க.