நண்டு மேசையில் மார்த்தா

என் மேசை லாச்சிக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது. நண்டுச் சதை அடைக்கிற தடித்த பைக்குள் அதை வைத்து, இயந்திரத்தில் காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்து, வாயைச் சூட்டில் ஒட்டியிருக்கிறது. கையில் எடுத்தால் செங்கல் போல இறுகிக் கனக்கும். மேலே எங்கள் தொழிற்சாலையின் வெள்ளைத் துண்டு. அதில் சூப்பர்வைசர் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் நான்கு வரிகள். பொருள்: நாவல், ஒன்று. உற்பத்தியான நாடு: இங்கிலாந்து. திறந்தபின் விரைவில் முடிக்கவும். பழுதாகும் திகதி என்ற இடத்தில் மட்டும் எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு சிறு கோடுதான்.

குளிர்சாதனம் படித்த எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். என் தொழிலே திகதிகளோடுதான். எந்தப் பெட்டி எப்போது குளிர் அறைக்குள் போனது, எந்தப் பாகையில் இருந்தது, எப்போது வெளியே போகவேண்டும் என்று எழுதி வைப்பதற்கே எனக்குச் சம்பளம். திகதி இல்லாத பொருளை நான் வாசலுக்கு வெளியே விடமாட்டேன். அக்காவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள அடம்பன் கிராமத்துக்காரி. வயலும் மாடும் உள்ள வீடு. தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழோடு மன்னார்த் தீவுக் கரையில் இருந்த அந்த நண்டுத் தொழிற்சாலைக்கு வந்தபோது, நண்டைத் தொடக்கூட எனக்குத் தெரியாது. பெரிய மண்டபம் ஒன்றில் நீளமான எவர்சில்வர் மேசைகள். இரு பக்கமும் பெண்கள் தொப்பியும் கையுறையும் போட்டு அமர்ந்து, அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு ஒன்றும் கலக்காமல் சதையைப் பிரித்தெடுப்பார்கள். கையை விடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். அதனால் வாயும் காதும் சும்மா இருக்கும். அதற்கென்று சுவரில் ஒரு வானொலி இருந்தது. உப்புக் காற்றும் அவியல் ஈரமும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. நான் கழற்றிப் பார்த்து, மாற்றவேண்டிய பாகங்களைப் பட்டியல் போட்டு மனேச்சரிடம் கொடுத்தேன். பாகங்கள் இன்றுவரை வரவில்லை. அந்த இடத்துக்கு வந்தவைதான் இங்கிலாந்து நாவல்கள்.

சூப்பர்வைசர் அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். கலியாணம் கட்டாதவர். முன்பு கன்னியர் மடம் ஒன்றின் கந்தோரில் எழுத்து வேலை செய்தபோது, கறையான் பிடித்த அலுமாரியை ஒதுக்கிய சிஸ்ரர்மார் அவரிடம் ஒரு பெட்டி புத்தகம் கொடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஆங்கில நாவல்கள். அகராதியும் கையுமாக இருந்து அத்தனையையும் வாசித்து முடித்திருந்தார். வானொலி ஊமையான மூன்றாம் நாள், மேசைகளுக்கு நடுவில் நடந்து தட்டுகளைப் பார்த்தபடியே முதலாவது நாவலைச் சொல்லத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், தேநீர் மணி அடிக்கும்வரை.

அவரிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. எழுதியவர் எழுதினபடிதான் சொல்வார். முதலாவது நாவலில் நல்லவன் ஒருவன் கடலில் போய்விட்டான். மேசை முழுக்க ஒரே அழுகை. அவனை எப்படியாவது கரையேற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். அக்கா அசையவில்லை. “அவன் செத்துப் போட்டான். நான் என்ன செய்ய? தட்டைப் பாருங்கோ, ஓடு கிடக்குது,” என்றார்.

குதிரை வண்டியும் பனிமூட்டமுமான அந்தக் கதைகள் இந்த வெயில் ஊரில் எப்படி எடுபட்டன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் அந்நியமாகத்தான் இருந்தன. சொத்து முழுவதும் மச்சான் முறைக்காரன் ஒருவனுக்குப் போய், பெண் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கப்போகிறார்கள் என்ற இடம் வந்ததும் அந்நியம் போய்விட்டது. “வீடு பெட்டைக்கெல்லோ சீதனமாப் போகோணும்? என்ன சனமப்பா இது!” என்று ஒருத்தி நண்டுக்காலை மேசையில் குத்தினாள். பிறகு எல்லாம் எங்கள் ஊர்க் கதைதான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் வீட்டின் அறைகளைக் கணக்குப் பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கடிதம் வரவில்லை. கோயிலில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பது பூசை முடியுமுன் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வாய் திறந்து சொல்ல முடியாத அன்பை ஒரு கோப்பைத் தேநீரை நீட்டுவதில் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு இவற்றில் எதற்கு விளக்கம் வேண்டும்?

மூன்றாவது நாவல்தான் இந்தப் பைக்குள் இருப்பது. கடலோர ஊர் ஒன்றின் கோயில் குருவுக்கு மூன்று மகள்கள் என்று அக்கா தொடங்கியதுமே வேலை நின்றுவிட்டது.

“பாதருக்கு மூண்டு பெட்டையளோ? ஆயருக்குத் தெரியுமே?”

“அவையின்ர சபையில சுவாமிமார் கலியாணம் கட்டலாம்,” என்றார் அக்கா.

“அப்ப பாவசங்கீர்த்தனத்தை ஆர் கேக்கிறது, பொஞ்சாதியோ?”

அன்று முதலாம் அத்தியாயத்தின் பாதிதான் போனது. அந்தப் பாதி முடியுமுன்னே குருவின் மனைவி, பிள்ளைகளின் தாய், இறந்துவிட்டார். கடைசி மகளின் பெயர் மார்த்தா. கெட்டிக்காரி, வாய்க்காரி, பத்தாம் அத்தியாயத்தில் இருமத் தொடங்குகிறாள். அந்த நாட்களில் அப்படி இருமினால் அது நெஞ்சுச் சயம்.

நான் மட்டும் ஒரு களவு செய்துகொண்டிருந்தேன். அவ்வளவு பழைய நாவல்கள் இணையத்தில் சும்மா கிடைக்கும். காலையில் அடம்பனிலிருந்து வரும் பஸ்சில், தீவுக்கு வரும் தாம்போதிப் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடிக்க, தொலைபேசியில் அதே நாவலை முன்னே முன்னே வாசித்துக்கொண்டு வந்தேன். கொம்பிரசர் குறிப்புப் புத்தகத்தின் பின் பக்கத்தில் அத்தியாயங்களைப் பட்டியலிட்டு, அக்கா சொல்லி முடித்தவற்றுக்குச் சரி போட்டேன். மார்த்தா சாகப்போகிறாள் என்பது அந்த மண்டபத்தில் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமைக்குக் கிட்ட, தொழிற்சாலை வாசலில் பங்குத் தந்தையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குளிர் அறைக் கதவைப் பூட்டிவிட்டு நானும் போனேன்.

“மார்த்தா எண்ட பிள்ளைக்குக் கடும் சுகமில்லையாம், இஞ்ச வேலை செய்யிறவ எண்டு கோயில் சனம் சொல்லிச்சுது. ஞாயிறு பூசையில மன்றாட்டுக்குத் துண்டு தந்திருந்தினம். வீட்டைக் காட்டினால் மாத முதல் வெள்ளிக்கு நற்கருணை கொண்டு போவன்,” என்றார் பாதர்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “பாதர், அவ இங்கிலாந்தில இருக்கிறா.”

“எப்ப போனவ?”

“போகேல்லை பாதர். புத்தகத்துக்குள்ள இருக்கிறா.”

தோட்டவெளிக் கோயிலில் பங்குச் சனம் முழுவதும் முழங்காலில் இருந்து, இங்கிலாந்தில் ஒரு நாவலுக்குள் இருமிக்கொண்டிருந்த பெண்ணுக்காக மன்றாடியிருக்கிறது! பாதர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “செபம் எண்டால் ஆருக்காவது போய்ச் சேரத்தான் செய்யும். துண்டில ‘மார்த்தாவுக்கும் தாய்க்கும்’ எண்டுதான் இருந்தது,” என்று சொல்லிப் போனார். மண்டபத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. துண்டு எழுதியது யார் என்று ஒருவரை ஒருவர் சீண்டினார்கள். அந்த ஊரிலிருந்து வேலைக்கு வருகிற தோட்டவெளி மாமி மட்டும் தலை நிமிராமல் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். அக்கா சிரிப்பை நிறுத்தி அவரையே பார்த்ததை நான் கண்டேன். ஆனால் அதற்குப் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

அடுத்த கிழமை என் பட்டியல் பிழையாகிப்போனது. இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில் வைத்தியர் வந்து மார்த்தாவின் கையில் அட்டை விட்டு இரத்தம் எடுக்கவேண்டும். அக்காவின் வைத்தியர் குதிரை வண்டியால் இறங்கி, அவளுக்கு ஆறு மாதத்துக்கு மருந்துக் குளிசை எழுதிக் கொடுத்தார். பெண்கள் ஒருவரும் திடுக்கிடவில்லை. நான்தான் கையில் வெப்பமானியோடு நின்றுவிட்டேன். தேநீர் இடைவேளையில் அக்காவைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தொலைபேசியைக் காட்டினேன்.

“எப்பயிலயிருந்து இது?”

“முதலாம் அத்தியாயத்திலயிருந்து.”

“கள்ளி!” என்றார். பிறகு ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்தார். “துண்டில தாய் எண்டு இருந்ததெல்லே? புத்தகத்தில மார்த்தாவுக்கு ஏது தாய்? அவதான் முதல் நாளே செத்துப் போட்டாவே. மாமி அந்தப் பேருக்குப் பின்னால நிண்டு தன்ர வீட்டுக்குத்தான் மன்றாடியிருக்கிறா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாமியின் மகளுக்குச் சயரோகம். பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையை இரண்டு மாதம் போட்டதும் இருமல் நின்றுவிட்டது. குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது, கிளினிக் வாசலில் நிற்பதைத் தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள், பேசிவந்த சம்பந்தம் குழம்பிவிடும் என்று அவள் மருந்தை நிறுத்திவிட்டாள். இப்போது இருமல் திரும்பியிருக்கிறது. வெளியே சொன்னால் சாப்பாட்டுப் பொருள் செய்யும் இடத்தில் தன் வேலை போய்விடும் என்று மாமி வாய் திறக்கவில்லை. பாதர் வந்துபோன மறுநாளே அக்கா மாமியைத் தானே கூட்டிப்போய்ச் சோதிப்பித்து, மாமிக்கு நோய் இல்லை என்று எழுதி வாங்கியிருந்தார். மகளைத்தான் அசைக்க முடியவில்லை. மருந்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதும், ஒரேயடியாக மறுத்துவிட்டாளாம். ஆனால் மாமி ஒவ்வொரு நாள் பின்னேரமும் கதையை வீட்டில் சொல்ல, மகள் வேறு எதற்கும் திறக்காத காதை மார்த்தாவுக்குத் திறந்தாள்.

“எழுதினபடிதான் சொல்லோணும் எண்டனீங்கள்,” என்றேன். எனக்கு உண்மையில் கோபம்தான். குறித்த அளவிலிருந்து விலகுவது எனக்கு ஒத்துவராது.

“எழுதின ஆளிட்ட அந்த மருந்து இருந்திருந்தால் குடுக்காமல் விட்டிருப்பாரே? அப்ப இல்லை. இப்ப மன்னார் ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கினம். நான் கொஞ்சம் அனுப்பி வைச்சனான், அவ்வளவுதான்.”

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து இருபத்துமூன்றுக்கு நேரே சரி போட்டேன்.

அதன்பின் ஆறு மாதம் அந்த நாவல் ஓடியது. அச்சில் மிச்சம் இருந்ததோ பதினெட்டு அத்தியாயம். அக்கா அதில் வராத விருந்துகளையும் புயல்களையும் இரண்டு கலியாணங்களையும் சேர்த்தார். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பனியில் குதிரையேறி வந்து, மார்த்தாவின் அக்காமாரை வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தார். சேர்க்கைகளையெல்லாம் நான் பட்டியலில் வேறு நிற மையில் எழுதினேன். இரண்டாம் மாத முடிவில், இருமல் நின்றுவிட்டது, இனிக் குளிசை வேண்டாம் என்றாள் மார்த்தா. அன்றைக்கு மண்டபம் கொதித்துக் கிளம்பியதைப் போல வேறு ஒருநாளும் நான் கண்டதில்லை.

“விசரே அவளுக்கு? படிச்ச பெட்டையெல்லோ!”

“வாயைத் திறந்து ஊத்தி விடச் சொல்லுங்கோ அக்கா!”

“தேப்பன் பிரசங்கம் வைக்கத்தான் லாயக்கு. பிள்ளை குளிசை போட்டுதோ எண்டு பாக்கத் தெரியேல்லை.”

மாமி அந்தத் திட்டுகளை ஒன்றும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்கு முன்னரே மகள் கிளினிக்குக்குப் போகத் தொடங்கியிருந்தாள். எப்படி என்று நான் பிறகு கேட்டேன். “மார்த்தாவுக்குக் குளிசை குடுத்த இடத்தை அண்டைக்கு ரெண்டு தரம் சொல்லச் சொன்னாள். விடிய எழும்பி, ‘அம்மா, கிளினிக் அட்டை எங்க?’ எண்டாள்,” என்றார் மாமி. இடையில் மனம் தளர்ந்த நாட்களும் உண்டு. அடுத்த நாள் கதையில் மார்த்தாவும் தளர்வாள், மேசை அவளைத் திட்டித் தூக்கி நிறுத்தும்.

கடைசி நாள் மாமி ஒரு பெட்டி கேக் கொண்டுவந்தார். எதற்கென்று கேட்டவர்களிடம், “மார்த்தாவுக்கு இண்டைக்கு மருந்து முடியுது,” என்றார். அது பின்னேரம் சொல்லப்போகும் அத்தியாயம். அவருக்கு எப்படி முன்பே தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மார்த்தாவைச் சுகப்படுத்திக் கடற்கரையில் நடக்கவிட்டபோது, ஈரக் கையுறைகளோடு எல்லாரும் தட்டிய கைதட்டலில் நண்டுத் தண்ணீர் என் முகம்வரை தெறித்தது.

அடுத்த வருடம் அக்காவுக்குக் கலியாணம். மட்டக்களப்பிலிருந்து மனைவியை இழந்த போஸ்ட்மாஸ்டர் ஒருவர், கடிதம் எழுதியே சம்மதம் வாங்கிவிட்டார். அக்காவின் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் நடப்பது அப்படியே நடந்ததில் எங்களுக்கு வியப்பில்லை. மட்டக்களப்புக்குப் போவதற்கு முதல் நாள் புத்தகத்தை இயந்திரத்தில் கொடுத்து ஒட்டி, என் கையில் தந்தார். “உன்னட்டப் பழுதாகாது,” என்றார்.

சென்ற மாதம் மாமியின் மகள் என்னைத் தேடி வந்தாள். மன்னார் நகரத்து உப்புக்குளத்தில் ஆங்கில வகுப்புக்குப் போகிறாளாம். அந்தப் புத்தகத்தை வாசிக்கவேண்டும் என்றாள். நான் தயங்கினேன். ஆறு மாதம் மார்த்தாவின் கையைப் பிடித்து நடந்தவளுக்கு, அவள் சாகிற நாற்பத்தோராம் அத்தியாயத்தை எப்படிக் கொடுப்பது? மறைக்கவும் மனம் வரவில்லை. கத்தரிக்கோலால் பையை வெட்டினேன். உள்ளே போன காற்றில் புத்தகம் மெல்லப் பெருத்தது.

நேற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

“அக்கா, இதில அவள் செத்துப் போறாள்.”

“ஓம்.”

“எனக்காகத்தான் சூப்பர்வைசர் அக்கா அவளை உயிரோட வைச்சிருந்தவா, என்ன?”

“ஓம்.”

அட்டையை ஒருமுறை தடவினாள். பிறகு, தாய் சிரிப்பது போலவே தோள் குலுங்கச் சிரித்தாள். “குளிசையை இடையில விட்டிருப்பாள், விசரி.”

அவளையும் கூட்டிக்கொண்டு பொதி அறைக்குப் போனேன். புதிய பைக்குள் புத்தகத்தை வைத்து இயந்திரத்தின் மூடியை அமர்த்தினேன். காற்று போய் அது மறுபடி செங்கலாயிற்று. பழைய துண்டைப் பார்த்துப் புதியதை எழுதினேன். பழுதாகும் திகதி என்ற இடம் வந்ததும் பேனையை அவளிடம் கொடுத்தேன். அவள் கோட்டை அக்காவை விட நீளமாகப் போட்டாள்.