பூட்டுப் போட்ட பவுடர்

போன வாரம் ஆலங்குடியில் என் தங்கை மலர் நடத்தும் ஜிம்முக்கு ரெய்டு வந்தது! தடை செய்த பவுடரை ஒளித்து வைத்து விற்கிறாள் என்று எவனோ ஒரு புண்ணியவான் புகார் கொடுத்துவிட்டான். நேரம் பார்த்து நானும் அங்கே இருந்தேன். டிரெட்மில்லில் ஏறாமலே எனக்கு வியர்த்துவிட்டது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

மலர் கபடி பிளேயர். பி.டி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு இந்த ஜிம்மை ஆரம்பித்தாள். 'பொம்பளை நடத்துற ஜிம்முக்கு எவன் வருவான்' என்றவர்களின் வாயை ஒரே வருஷத்தில் அடைத்தாள். அப்போது அலமாரியில் சதை ஏற்றும் பவுடர் டப்பா நாலைந்து கிடக்கும். சீந்த ஆள் கிடையாது.

அப்புறம்தான் அரசாங்கம் அந்தப் பவுடரைத் தடை செய்தது. உடம்புக்குக் கெடுதலாம். நியாயம்தானே? மலர் டப்பாக்களை அன்றைக்கே ஒப்படைத்துவிட்டாள்.

மறுநாள் ஆரம்பித்தது கூத்து. அதுவரை டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காத பயல்களெல்லாம், "அக்கா, அந்தப் பவுடர் இருக்கா?" கவர்மென்ட்டே பயப்படுகிறதென்றால் சரக்கு எவ்வளவு ஸ்ட்ராங்காக இருக்கும் — இதுதான் லாஜிக்! பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்காரன் லேபிள் இல்லாத பாக்கெட்டில் எதையோ ரகசியமாக விற்றான். அதைத் தின்றாலே சதை ஏறிவிடும், ஜிம் எதற்கு என்று கூட்டம் மொத்தமும் அங்கே போனது. அதைத் தின்ற ஒருவன் நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மலரின் ஜிம்மில் ஃபேன் மட்டும் சுற்றியது.

"இப்பிடியே போனா மூடிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டியதுதாண்ணே," என்றாள். அவள் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நாள் கழித்துப் போனால்... நிற்க இடமில்லை! மூலையில் அதே அலமாரி, இத்தனை பெரிய பூட்டோடு. ஒர்க்-அவுட் முடித்தவனுக்கு மட்டும் பூட்டைத் திறந்து ஒரு டம்ளர் கலக்கி, "வெளியில மூச்சு விடாதீங்கடா," என்று நீட்டினாள்.

"ஏம்மா, ஜெயிலுக்குப் போகப் போறியா?" என்று ஓரமாக இழுத்துக் கேட்டேன். "பேசாம இருங்கண்ணே," என்று சிரித்தாள். அப்புறம் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

அந்த அலமாரியைத்தான் போன வாரம் வந்த அதிகாரி திறக்கச் சொன்னார். டப்பாவை முகர்ந்தார். தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"என்னம்மா, நிலக்கடலை வாசம் வருது?"

"ஆமா சார். நிலக்கடலை, பொட்டுக்கடலை, கேப்பை. வாசத்துக்கு ஏலக்காய், கலருக்குக் கொஞ்சம் கோகோ. அம்புட்டுத்தான்."

"பெறகு எதுக்கும்மா பூட்டு?"

"பூட்டலைன்னா குடிக்க மாட்டேங்குறானுங்க சார்!"

பயல்கள் எட்டி வந்து டப்பாவை முகர்ந்து பார்த்தார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் கார்த்திதான் வாயைத் திறந்தான். "அக்கா... எங்க கொல்லையில வெளஞ்ச கடலையில ஒரு மூட்டை வாங்குனீங்களே..."

"அதேதான்டா தம்பி."

"அய்யய்யோ! எங்க ஆத்தா அவிச்சு வச்சா வேணாம்னு ஓடுவேனே!"

முடிந்தது கதை, இனி ஒருத்தன் வர மாட்டான் என்று நினைத்தேன். கார்த்தி மெதுவாகச் சட்டைக் கையைச் சுருட்டினான். கண்ணாடியில் தன் புஜத்தை இப்படியும் அப்படியும் பார்த்தான். "நல்லாத்தான்க்கா ஏறியிருக்கு. இன்னொரு மூட்டை கொண்டாந்து போடவா?"

ஜிம்மே அதிர்ந்தது சிரிப்பில். அதிகாரியும் ஒரு டம்ளர் குடித்தார். புகார் கொடுத்த புண்ணியவான் யாரென்று அவர் வாயிலிருந்தே வந்தது: வேறு யாருமில்லை, அந்த பஸ் ஸ்டாண்டு பாக்கெட்காரன்தான்! பயல்கள் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல, ஜீப் நேரே அவன் கடைக்குப் போனது.

இப்போது பூட்டு இல்லை. கூட்டமும் குறையவில்லை. "திருப்பூர் எப்ப போற?" என்று நேற்று சீண்டினேன்.

"எடமே பத்தலைண்ணே, மாடியையும் கேட்டிருக்கேன்," என்றாள் மகராசி.

தடை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கோரிக்கை... அந்தப் பாகற்காயையும் ஒரு மாசம் தடை செய்யுங்களேன். எங்கள் வீட்டில் ஒருத்தர் தொடுவதில்லை!