மேபல் அக்கா நிறுத்திய ஜெபம்

சனிக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது மனைவி ஜெனி கைபேசியில் அழைத்தாள். "மேபல் அக்கா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். வழக்கம்போல் நீந்திவிட்டு வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அறுபத்தாறு போகிற வயதில்லை. ஆனால் யாருக்கும் பாரமாகப் படுத்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம். அந்த மட்டில் அவர் கேட்டது கிடைத்தது.

நம் சபையில் அவரை அறியாதவர்கள் இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொது நீச்சல் குளத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உயிர்காப்பாளராக வேலை பார்த்தவர். புக்கிட் மேராவில் வெள்ளிதோறும் ஒரு வீட்டில் கூடும் எங்கள் ஜெபக் கூட்டத்தை நடத்தியவரும் அவரே. அவருடைய ஜெபம் மூன்று வாக்கியத்தைத் தாண்டாது. நானோ ஆரம்பித்தால் ஆதாமிலிருந்து ஆரம்பிப்பேன். "தம்பி ஜெபம் பண்ணப் போறான், அடுப்பை அணைச்சுட்டு வாங்க லா" என்று எல்லார் முன்னிலையிலும் என் காலை வாருவார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஜெனி மூன்றாவது முறையாகக் கருவுற்றிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இம்முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மூடியிருக்கிறது என்றார் மருத்துவர். எந்த நேரமும் இரத்தப்போக்கு வரலாம், வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றும் எச்சரித்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் கைகோத்து உட்கார்ந்து ஜெபித்தோம். பிள்ளையைக் கேட்டோம், தைரியத்தையும் கேட்டோம். தைரியம் அன்றன்றைக்குத் தேவையான அளவு வந்தது. மேபல் அக்கா வந்தால் அவர் பாணியில் முடித்துவிடுவார். "ஆண்டவரே, ஜெனியையும் பிள்ளையையும் பாத்துக்குங்க. டாக்டரம்மா நல்லாத் தூங்கி எழுந்து வரட்டும். ஆமென்."

இருபத்தொன்பதாவது வாரத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. மாலை ஏழு மணி இருக்கும். பத்துப் பேர் வட்டமாகக் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். ஜெனி என் பக்கத்தில் இருந்தாள். நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். மனம் உருகி, வார்த்தைகள் தாமாக வந்துகொண்டிருந்தன. அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"போதும் தம்பி. மிச்சத்தை ஆம்புலன்ஸ்ல சொல்லு."

கண்ணைத் திறந்தேன். ஜெனியின் முகம் வெளுத்திருந்தது, உடை இரத்தத்தில் நனைந்திருந்தது. மேபல் அக்கா கைபேசியில் எங்கள் முகவரியைச் சொல்லிக்கொண்டே அவளைத் தாங்கிப் படுக்க வைத்தார்.

மருத்துவமனையில் இரத்தப்போக்கை நிறுத்திவிட்டார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். வெளியே நடையில் உட்கார்ந்திருந்தபோது, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று அக்காவிடம் கேட்டேன். ஜெபத்தின்போது அவர் கண்ணை மூடுவதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"குளத்துல வேலை பாத்த பழக்கம் தம்பி. தண்ணில மூழ்குறவங்க சத்தம் போட மாட்டாங்க. நாமதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

ஜெனியும் சத்தம் போடவில்லை. ஜெபத்துக்கு நடுவில் வாயைத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள்.

அதன்பின் ஐந்து வாரம் அவள் மருத்துவமனையிலேயே இருந்தாள். எங்களுக்கு விசுவாசம் போதவில்லையோ என்று ஒருநாள் அக்காவிடம் புலம்பினேன். விசுவாசம் இல்லாதவன் இரண்டை இழந்தபின் மூன்றாவதுக்குத் துணிவானா என்று திருப்பிக் கேட்டு, கையில் ஒரு பொட்டலம் மீகோரெங் நூடுல்ஸைத் திணித்தார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். முப்பத்து நான்காவது வாரத்தில் அறுவை சிகிச்சையில் மிரியம் பிறந்தாள். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு எங்கள் கைக்கு வந்தாள். இன்று எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

பிள்ளையைச் சபைக்குக் கொண்டுவந்த ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். மேபல் அக்காவின் கண்களை ஆண்டவர் திறந்துவைத்திருந்தார் என்றேன். பலர் கண் கலங்கினார்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

"நல்லாச் சொன்ன தம்பி. ஆனா ஜெனி உன் கையை ரெண்டு தடவை இழுத்ததை விட்டுட்ட."

அவர் கோபிக்கவில்லை. "இப்ப வேணாம். முடியுறப்ப சொல்லு. இன்னொருத்தன் கேட்டா அவன் பொண்டாட்டிக்கு உதவும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் போய்விட்டார். பிறகு ஒருமுறைகூட அதை நினைவூட்டவில்லை. ஜெனியும் கேட்டதில்லை.

அவர் இருக்கும்போது எனக்கு முடியவில்லை, அது எனக்கு வெட்கம். இப்போது சொல்கிறேன். ஜெனி முதல் தடவை இழுத்தபோது அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை இழுத்தபோது என் ஜெபம் அவளைத் தொட்டுவிட்டது என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தினேன். இதுதான் முழுச் சாட்சி.

அக்காவை அடக்கம் செய்த அன்று மாலை வீட்டில் நாங்கள் மூவரும் கைகோத்து உட்கார்ந்தோம். அவர் வாழ்ந்த நாட்களுக்காக நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். சொல்ல நிறைய இருந்தது. மிரியம் என் கையை இழுத்தாள். உடனே நிறுத்தி, என்னம்மா என்றேன்.

"பசிக்குது ப்பா."

மேபல் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்தோம்.